ஓட்டத்தை ஊருக்குக் காட்டுக!

முட்டுக்காட்டுப் பாலத்தைக் கடக்காதவர் நம்மில் மிகச் சிலரே இருப்பர். மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காணச் செல்வோரும், கோவளத்துக் கடலில் கால் நனைக்கச் செல்வோரும், திருப்போரூர் முருகனைக் கும்பிடச் செல்லும் வழியில் சற்றே சுற்றி வருவோரும், அந்தப் பாலத்தின்மீது வந்ததும் தலையைத் திருப்பிப் பார்க்கவே செய்கின்றனர். கிழக்கே, கூப்பிடு தொலைவில் கடல். மேற்கே, கண்ணுக்கெட்டிய மட்டும் பரந்து கிடக்கும் கழி. பார்க்கிறோம், "ஆகா!" என்கிறோம், அடுத்த கணம் பேருந்து நம்மை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. ஆனால் தோழரே, அந்த நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

இடுப்பளவு நீரில் நின்று வலை வீசும் முதியவர் ஒருவரைக் கேளுங்கள். மழை விட்ட மறுவாரத்தில் கேட்டீர்களானால், "மேலாலே கடலுக்குப் போவுது, அடியாலே கடல் உள்ளே வருது" என்பார். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், நீர் போகவும் செய்கிறதாம், வரவும் செய்கிறதாம்! கிழவர் உளறுகிறார் என்று நகரத்துப் பட்டதாரி நகைக்கக்கூடும். நகைத்தால் நட்டம் பட்டதாரிக்குத்தான். கடல் நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அளவு கனமானது. ஆகவே மழைநீர் மேலே மிதந்து கடல் நோக்கிச் செல்ல, உப்பு நீர் ஓர் ஆப்புப் போல அடியில் நுழைந்து உள்ளே ஏறுகிறது. கிழவரின் கால்கள் அந்த இரு ஓட்டங்களையும் அறிந்திருக்கின்றன. முழங்காலில் ஒன்று, இடுப்பில் மற்றொன்று! கால்கள் அறிந்ததைக் கண்களுக்குக் காட்ட இன்று ஒரு கலை வளர்ந்திருக்கிறது. நீரின் ஓட்டத்தைக் கணக்கிட்டு, அக்கணக்கைக் கணிப்பொறியின் துணையால் ஓடும் படமாக்கும் கலை அது. படம் பார்ப்பதில் நமக்கென்ன, புதியவர்களா நாம்! ஆயினும் இந்தப் படத்தைப் பற்றி ஒரு ஞாயிறு முழுவதும் பேசவேண்டியிருக்கிறது. காரணம், அது ஓடவேண்டிய கொட்டகை திருப்போரூர் வட்டத்தில் இருக்கிறது.

2025 மார்ச்சுத் திங்களில் சட்டமன்றத்தில் படிக்கப்பட்ட தமிழக வரவு செலவுத் திட்ட உரையில் ஓர் அறிவிப்பு இருந்தது. சென்னையின் குடிநீருக்காகக் கோவளத்தை அடுத்து, திருப்போரூர் வட்டத்தில், 3,010 ஏக்கர் பரப்பில், 1.6 டி.எம்.சி. நீரைத் தேக்கும் புதிய நீர்த்தேக்கம் ஒன்று, மதிப்பீடு ரூ. 350 கோடி, நாளொன்றுக்கு 17 கோடி லிட்டர் குடிநீர். சென்னைக்கு ஆறாவது நீர்த்தேக்கம் என்றனர். வரவேற்றோர் பலர். கோடைதோறும் குடத்தோடு தெருவில் நிற்கும் தாய்மார் வரவேற்காமல் வேறு யார் வரவேற்பர்? ஐயம் எழுப்பியோரும் உண்டு. கழியில் இறாலும் நண்டும் மடவையும் பிடித்து வயிறு வளர்க்கும் கடலோர மக்கள், உப்புங் கழியை நன்னீர் ஏரியாக மாற்றினால் எங்கள் வலையில் என்ன விழும் என்று கேட்டனர். சூழலியலார், வெள்ளம் வடியும் வழி என்னாகும் என்று கேட்டனர். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நியாயம் இரு பக்கமும் இருக்கும்போது கூச்சல் எளிது, கணக்கு அரிது. அரியதைத்தான் கேட்கிறோம்.

முதலில் ஓர் எளிய கணக்கு. பள்ளிப் பிள்ளையும் போடக்கூடியது. 1.6 டி.எம்.சி. என்றால் 160 கோடி கன அடி. 3,010 ஏக்கர் என்றால் ஏறத்தாழ 13 கோடி சதுர அடி. வகுத்துப் பாருங்கள், தோழரே! சராசரி ஆழம் 12 அடி. இரண்டு ஆள் உயரம்; அவ்வளவே. பரப்போ 12 சதுர கிலோமீட்டர். தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் போல அகன்று, மெலிந்து கிடக்கும் ஏரி அது. கடலை அடுத்துக் கிடக்கப் போவது. நாள்தோறும் பிற்பகலில் கடற்காற்று எழுந்து வீசும் கரையில் கிடக்கப் போவது. ஆழ்ந்த அணைக்கட்டில் ஆட்சி செய்வது ஆழம். ஆழமற்ற ஏரியில் ஆட்சி செய்வது காற்று.

காற்று எப்படி ஆள்கிறது? நீரின் மேற்பரப்பை அது தன்னோடு இழுத்துச் செல்கிறது. வீசும் காற்றின் வேகத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கே மேல்நீர் பெறும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று, நீரை மணிக்கு அரைக் கிலோமீட்டர் அளவுக்குத்தான் நகர்த்தும். ஆமை நடைதான்! ஆனால் ஆமை நடை ஒரு பிற்பகலில் ஏரியின் பாதியைக் கடந்துவிடும். கடந்து சென்ற நீர் எங்கே போகும்? எதிர்க்கரையில் குவியும், குவிந்தது திரும்பியாக வேண்டும், மேலே வழியில்லை, ஆகவே ஆழமான பகுதிகளின் வழியே, அடிமட்டத்தை ஒட்டித் திரும்பும். கரையோர ஆழமற்ற பகுதிகளில் காற்றோடு ஓட்டம், நடுப்பள்ளத்தில் காற்றுக்கு எதிர் ஓட்டம். இப்படிச் செக்கு மாடு போலச் சுற்றும் சுழல்கள் ஏரிக்குள்ளே தோன்றும். கரையில் நின்று பார்ப்பவனுக்குச் சிற்றலையன்றி வேறொன்றும் தெரியாது. ஆனால் அடியில் படிந்துள்ள உப்பைக் கிளறி மேலே கொணர்வதும், பாசியை ஒரு மூலையில் கொண்டு சேர்ப்பதும், ஓரிடத்தில் நீரைப் புதுப்பித்து மற்றோரிடத்தில் நாட்கணக்கில் தேங்கவிட்டு நாறவைப்பதும் அந்தச் சுழல்களே. குடிநீர் எடுக்கும் குழாயின் வாய் எந்த மூலையில் அமைகிறது என்பதைப் பொறுத்தே நகரத்தார் குடத்தில் நன்னீர் வருமா, நாற்ற நீர் வருமா என்பது அமையும். அதுவும், நேற்றுவரை உப்பளமும் உவர்க்கழியுமாக இருந்த தரையின்மீது ஏரி அமையும்போது!

நம் முன்னோர் இதை அறியாதவரல்லர். செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. மதுராந்தகத்து ஏரியைக் காத்ததாக ஒரு கடவுளுக்கே பெயர் சூட்டிய சீமை. காற்று எந்தப் பக்கம் அலையை மோதுமோ அந்த உட்சரிவில் கல் பாவினர். மதகை எங்கே வைப்பது, கலிங்கை எங்கே வைப்பது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டு கண்டு கற்றனர். கண்டு கற்க நூறு மழைக்காலம் பொறுத்திருக்க அவர்களால் முடிந்தது. நம்மால் முடியாது. நாம் ஒரே ஐந்தாண்டில் கட்டி முடித்து, கல்வெட்டுத் திறந்து, படமும் எடுத்துக்கொள்ளும் காலத்தவர் அல்லவா!

ஐரோப்பாவில் பிரான்சுவா போரல் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜெனீவா ஏரியின் கரையில் வாழ்ந்து அதையே வாழ்நாள் ஆய்வாக்கிக்கொண்டார். தொட்டியைச் சாய்த்து நிமிர்த்தினால் நீர் இங்குமங்கும் அசைந்தாடுவது போல, அந்தப் பேரேரி முழுவதும் ஒரு கோடியில் ஏறி மறு கோடியில் இறங்கி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஓர் ஊசல் போல ஆடுவதை அளந்து காட்டினார். கரையில் குடியிருந்த செம்படவர் அதற்கு முன்பே பெயர் வைத்திருந்தனர். போரல் அந்தப் பெயரையே விஞ்ஞானத்துக்கு எடுத்துக்கொண்டார். செம்படவர் சொல்லை ஏளனம் செய்யாத விஞ்ஞானி! அப்படிப்பட்டவரால்தான் ஏரியியல் என்றொரு துறையே தோன்றிற்று.

அடுத்து வந்தனர் பொறியாளர். அணை கட்டுமுன் அணையின் குட்டியைக் கட்டிப் பார்க்கும் முறை வந்தது. புனேயை அடுத்த கடக்வாசலாவில் 1916இல் தொடங்கிய ஆய்வு நிலையமும், நம் பூண்டியில் உள்ள நீரியல் ஆய்வு நிலையமும் இவ்வேலைக்குப் பெயர் பெற்றவை. ஆற்றையும் மதகையும் சிறிதாக்கி, சுண்ணாம்பும் மணலும் கொண்டு தரையில் வடித்து, நீரைத் திறந்துவிட்டு, மரத்தூளோ காகிதத் துண்டோ தூவி, அவை போகும் போக்கைப் பார்ப்பர். அதுவும் ஓடும் படந்தான், தோழரே! கணிப்பொறி இல்லாத படம். ஆனால் பன்னிரண்டு சதுர கிலோமீட்டர் ஏரியை ஒரு கொட்டகைக்குள் சுருக்கினால், ஆழம் ஒரு விரற்கடைக்கும் கீழே போய்விடும். காற்றைச் சுருக்குவதோ இயலவே இயலாது. ஆகவே கணக்கை நாட வேண்டியதாயிற்று.

அந்தக் கணக்கு ஒன்றும் மந்திரமன்று. ஏரியை ஒரு சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்வர். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆழம் தெரியவேண்டும். அதற்குப் படகில் சென்று ஆழம் அளக்கவேண்டும். பிறகு நான்கு வினாக்கள்: இக்கட்டத்தில் பக்கத்துக் கட்டங்களிலிருந்து எவ்வளவு நீர் நுழைகிறது, எவ்வளவு வெளியேறுகிறது, காற்று எவ்வளவு தள்ளுகிறது, தரை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது. விடையைக் கண்டு, சில நொடிகள் கழித்து மறுபடியும் கண்டு, இப்படியே ஒரு நாளுக்கு, ஒரு பருவத்துக்கு, ஓர் ஆண்டுக்குக் கணக்கை நடத்திச் செல்லவேண்டும். ஆழமற்ற நீரின் ஓட்டத்துக்கான சமன்பாடுகளைச் செயின்ட் வெனான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1871லேயே எழுதிவிட்டார். எழுதுவது ஒருவர் வேலை. விடை காண்பது ஓராயிரம் பேர் வேலை!

லூயி பிரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயரின் கதையைக் கேளுங்கள். முதல் உலகப்போரில் துப்பாக்கி தூக்க மறுத்து, பிரான்சுப் போர்க்களத்தில் காயம்பட்டோரை ஏற்றிச் செல்லும் வண்டி ஓட்டினார். ஓய்ந்த வேளைகளில், காற்று மண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆறே மணி நேர வானிலையைக் கையால் கணக்கிட்டுப் பார்த்தார். வாரக்கணக்கில் உழைத்து வந்த விடை பெருந்தவறு. காற்றழுத்தம் உலகில் எங்கும் ஏற முடியாத அளவுக்கு ஏறுவதாகக் காட்டிற்று. வெட்கப்பட்டு மறைத்தாரா? இல்லை. 1922இல் வெளியிட்ட தம் நூலில் அந்தத் தவற்றை அப்படியே அச்சிட்டார். 64,000 பேர் ஒரு பெருமண்டபத்தில் அமர்ந்து கணக்கிட்டால் உலக வானிலையை ஓட்டத்தோடு ஓட்டமாகச் சொல்லிவிடலாம் என்று கனவும் கண்டார். 1950இல் அமெரிக்காவின் எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறி முதன்முதலாக அத்தகைய கணக்கைப் போட்டபோது ரிச்சர்ட்சன் உயிரோடு இருந்தார். தவற்றை மறைத்தவரின் வழியிலன்று, தவற்றை அச்சிட்டவரின் வழியிலேதான் அத்துறை வளர்ந்தது. இதைச் சற்று நினைவில் வைத்திருங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

கணிப்பொறி தரும் விடை என்பது எண்களின் மலை. கட்டந்தோறும், கணந்தோறும் எண். அதைப் படித்துப் பொருள் காண எவராலும் ஆகாது, கணக்கிட்டவராலும் ஆகாது. ஆகவேதான் படம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிறு துகளை மிதக்கவிட்டதாகக் கொண்டு, கணக்கு சொல்லும் திசையில் அதை நகர்த்தி, நகர்ந்த தடத்தை வெண்கோடாக வரைந்து, கோடுகள் மங்க மங்கப் புதுக்கோடுகளைப் பிறப்பித்தால், உறைந்து கிடந்த எண்கள் ஓடத் தொடங்குகின்றன. பழைய ஆய்வு நிலையத்தின் மரத்தூளேதான். இப்போது கணக்கினால் ஆன மரத்தூள். உலகப் பெருங்கடல்களின் ஓட்டத்தை நாசா நிறுவனம் 2011இல் இவ்வாறு வரைந்து வெளியிட்டபோது, ஓவியமோ என்று மயங்கினர் கண்டவர். 2012இல் அமெரிக்க நாட்டுக் காற்றோட்டத்தை இருவர் வெண்ணிழைகளாய் ஓடவிட்டனர். அதே பாணியில், அந்நாட்டுப் பேரேரிகளின் நீரோட்டமும் ஆன் ஆர்பர் நகரத்து ஆய்வகத்தால் ஓடும் படமாயிற்று.

அழகுக்காகவா அதெல்லாம்? எரி என்னும் பேரேரியின் மேற்குக் கரையில் டொலிடோ என்றொரு நகரம். 2014 ஆகஸ்டுத் தொடக்கத்தில் ஒரு விடியற்காலை, அந்நகரமும் சுற்றுப்புறமுமாக ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்களுக்கு ஆணை பிறந்தது: குழாய் நீரைக் குடிக்காதீர்! காய்ச்சியும் குடிக்காதீர்! காய்ச்சினால் நஞ்சு செறியுமேயன்றித் தணியாது! வயல்களில் இட்ட உரம் ஆற்றோடு ஏரிக்கு வந்து, நச்சுப் பாசியாய்ச் செழித்து, காற்றாலும் ஓட்டத்தாலும் தள்ளுண்டு, நகரம் குடிநீர் எடுக்கும் வாய்க்கே வந்து சேர்ந்திருந்தது. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில், உலகின் நன்னீர்ப் பேரேரிகளுள் ஒன்றன் கரையில், மூன்று நாள் மக்கள் புட்டி நீருக்கு வரிசையில் நின்றனர். பாசி இன்று எங்கே இருக்கிறது, நாளை மறுநாள் எங்கே நகரும் என்பதை நீரோட்டக் கணக்கைக் கொண்டு முன்கூட்டியே சொல்லும் படங்களை அங்குள்ள ஆய்வகம் இன்று வெளியிடுகிறது. குடிநீர் நிலையத்தாரும் பார்க்கிறார், படகோட்டியும் பார்க்கிறார், பள்ளி மாணவனும் பார்க்கிறான். எவர் வேண்டுமாயினும் பார்க்கலாம் என்பதுதான் அங்கே சிறப்பு.

இங்கே அறிவில்லையா? உண்டு. 2015 டிசம்பர்ப் பெருவெள்ளம் சென்னையை விழுங்கிய பின்னர், தேசியக் கடலோர ஆய்வு மையமும், சென்னை, மும்பை ஐ.ஐ.டி.களும், அண்ணா பல்கலைக்கழகமும் பிறவும் கூடி, மழை, ஏரித் திறப்பு, கடல் ஏற்றம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டு எந்தத் தெருவில் எவ்வளவு நீர் நிற்கும் என்று படமாய்க் காட்டும் அமைப்பொன்றை உருவாக்கின. 2019இல் அது முன்வைக்கப்பட்டது. அடையாற்றையும் கூவத்தையும் கணக்கில் கட்டிய அதே மூளைகள் நம்மிடையே இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் நீர் தென்சென்னைப் புறநகரை மூழ்கடித்தபோது மக்கள் கேட்ட கேள்வி, "கணக்கு இருந்ததா?" என்பதன்று. "இருந்தது என்றால், எங்களுக்கு ஏன் காட்டவில்லை?" என்பதே.

ஆகவே, தோழரே, கழிக்குத் திரும்புவோம். அங்கே வந்து சேரும் நீர் எங்கெங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மிகைநீர் ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே ஓடி, முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலைத் தேடுகிறது. மேற்கே தையூர், சிறுசேரிப் பக்கத்து ஏரிகளின் மிகைநீரும் கழியையே நோக்கி வருகிறது. பக்கிங்காம் கால்வாயோ, 1877-78 தாது வருடப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்த ஏழைகளின் எலும்பால் இணைக்கப்பட்டு, அன்றைய ஆளுநரின் பெயரைத் தாங்கி நிற்பது. (உழைத்தவன் பெயர் கால்வாய்க்கு வருவதில்லை, அது வேறு கதை.) முகத்துவாரத்தில் கடல் மணலைக் குவிக்கிறது, கோடையில் வாயே அடைபட்டுப் போவதுண்டு, வடகிழக்குப் பருவமழை உடைத்துத் திறக்கிறது. அருகே நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இரண்டு: 2013இல் ஒன்று, நாளுக்கு 10 கோடி லிட்டர், 2024இல் மற்றொன்று, 15 கோடி லிட்டர். இத்தனையும் நெருங்கிக் கிடக்கும் ஓர் இடத்தில் கரையெழுப்பி ஏரி காணப் போகிறோம்.

வெள்ளம் வரும் இரவில், கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால், முன்பு 3,010 ஏக்கரில் பரவித் தணிந்த நீர் எங்கே ஏறும்? கேளம்பாக்கத்துத் தெருவிலா, கோவளத்துக் குப்பத்திலா, அல்லது வடக்கே பின்வாங்கிச் சோழிங்கநல்லூர் வாசலிலா? எங்கும் ஏறாது என்றால், அதையாவது படமாக்கிக் காட்டலாமே! அல்லது, ஏரியே வெள்ளத்தில் ஒரு பங்கை விழுங்கி ஊரைக் காக்கும் என்றும் கணக்கு சொல்லக்கூடும், அதை மறைப்பானேன்? அடித்தரையின் உப்பு எத்தனை மழைக்காலத்தில் கரைந்து வெளியேறும். அதுவரை வெளியேறும் உவர்நீர் எந்தப் பக்கம் போகும்? எஞ்சிய கழிக்கு நன்னீர் வரத்துக் குறைந்தால் முகத்துவாரம் இன்னும் நீண்ட நாள் அடைபட்டுக் கிடக்குமா? அடைபட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வருவதெப்படி? கையால் துழாவி நண்டு பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பத்துக்கு அந்த ஒரு வினா போதும். அதன் விடையில்தான் அடுப்பு எரிவதும் அணைவதும். இவை அனைத்தும் நீரோட்ட வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு கணக்குக்கும் படம் உண்டு.

"பாமரருக்குப் படம் புரியுமா?" என்று கேட்கும் மேதாவிகள் இருக்கிறார்கள். வெள்ளைத் திரையில் ஓடும் நிழலைப் பார்த்துப் பொருள் கொள்வதில் தமிழனைவிடத் தேர்ந்தவன் எந்த நாட்டில் இருக்கிறான்? திரையில் ஓடுவதெல்லாம் உண்மையன்று என்பதையும் அவன் நன்கறிவான். இரண்டாவது அறிவே இங்கு முதன்மையானது. ஏனெனில் இந்தப் படங்களும் பொய் சொல்லும்.

எப்படிப் பொய் சொல்லும்? கட்டத்தை நூறு மீட்டராக வைத்தால், பத்து மீட்டர் அகலப் பாலக்கண் கணக்கில் இல்லாமற் போகும். படத்தில் தடையின்றி ஓடும் நீர், ஊரில் அந்தப் பாலக்கண்ணில் முட்டி நிற்கும். மேல்நீர், அடிநீர் என்று பிரிக்காமல் சராசரி எடுத்துக் கணக்கிட்டால், நம் கிழவர் சொன்ன "மேலாலே, அடியாலே" இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, நீர் அசையவே இல்லை என்று படம் காட்டும்! பத்தாண்டுக்கு முன் அளந்த ஆழத்தைக் கொண்டு இன்றைய கழியைக் கணக்கிட்டாலும் படம் பளபளப்பாகவே ஓடும். விமான நிலையத்தில் அளந்த காற்றைக் கடற்கரையில் வீசுவதாகக் கொண்டாலும் ஓடும். சிவப்பு எந்த வேகத்தில் தொடங்குகிறது என்பதை வரைபவர் முடிவு செய்கிறார். ஆபத்தை நீலமாக்கவும், அமைதியைச் சிவப்பாக்கவும் ஒரு விரலசைவு போதும். எண்ணுக்குப் பிழை எல்லை எழுதலாம். ஓடும் வெண்கோட்டுக்கு அதை யார் எழுதுகிறார்? தவறாய்ப் போன கணக்கு தாளில் தலைகுனிந்து நிற்கும். படத்திலோ தலைநிமிர்ந்து ஓடும்.

அதனால்தான் படத்தை மட்டும் கேட்கவில்லை நாம். படத்தோடு, அளந்த ஆழம் எது, அளந்த ஆண்டு எது, காற்றுக் கணக்கு எங்கிருந்து வந்தது, கட்டத்தின் அளவென்ன, 2015 வெள்ளத்தையும் 2023 வெள்ளத்தையும் அதே கணக்கில் ஓட்டிப் பார்த்தபோது உண்மையோடு எவ்வளவு ஒத்தது, எவ்வளவு பிசகியது என்பதையும் கேட்கிறோம். ரிச்சர்ட்சன் தம் தவற்றை அச்சிட்டாரே, அது போல!

இது புதுமையான கோரிக்கையுமன்று. திருப்போரூரிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை உத்திரமேரூர். முதற்பராந்தகன் காலத்தில், 919லும் 921லும், அவ்வூர்ச் சபையார் தமக்குள் வகுத்துக்கொண்ட முறைகளைக் கல்லில் வெட்டினர். ஏரிக்கென்றே ஏரி வாரியம் என்றொரு குழு; அதற்குக் குடவோலையில் ஆள் எடுக்கும் முறை; கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை என்ற விதி. அந்தச் சபையில் அனைவருக்கும் இடமிருந்ததா என்றால், இல்லை. நிலமும் கல்வியும் குலமும் பார்த்த சபை அது. அந்தக் குறையை மூடி மறைத்துப் பெருமை பேச நமக்கு விருப்பமில்லை. ஆனால் கணக்கை அவர்கள் எழுதிய இடம் எது? பூட்டிய அலமாரியா? ஊர் கூடும் மண்டபத்தின் சுவர்! ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஏரிக்காரனின் கணக்கு சுவரில் இருந்தது. இன்று ஏரியின் கணக்கு, "ஆலோசகர் அறிக்கை, இணைப்பு" என்று ஏதோவொரு கோப்பில் உறங்குகிறது. கேட்டுப் பெற மனுப் போடவேண்டும். வந்தால் ஆங்கிலத்தில் வரும். அதிலுள்ள படமோ, ஓடாத படம்.

கட்டுவதை நிறுத்தச் சொல்கிறோமா? இல்லை. கட்டியே தீரவேண்டும் என்கிறோமா? அதுவும் இல்லை. தாகத்தால் தவிக்கும் நகரமும் நம்முடையது. வலை காயும் குப்பமும் நம்முடையது. ஒன்றன் தாகத்தை மற்றொன்றின் பசியால் தீர்க்கவேண்டுமா, அன்றி இரண்டையும் காக்கும் வகையில் கரையைச் சற்றுத் தள்ளி, மதகைச் சற்று மாற்றி, முகத்துவாரத்துக்கு ஆண்டில் இத்தனை நாள் இத்தனை நீர் என்று விட்டு அமைக்க வழி இருக்கிறதா என்பதை, மண்ணைக் கொட்டிய பிறகு கண்டறிவதா, கொட்டுமுன் கணக்கில் கண்டறிவதா? கரையைத் திரையில் நகர்த்தச் செலவு ஒரு நாள் மின்சாரம். தரையில் நகர்த்தச் செலவு இன்னொரு ரூ. 350 கோடி.

தமிழகத்துக் கிராம சபைகள் கூடும் நாட்களுள் மார்ச்சு 22ஆம் நாளும் ஒன்று. உலகத் தண்ணீர் நாள் என்று அதற்குப் பெயர். வழக்கமாக என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்: தீர்மானம் படிக்கப்படும், கையொப்பம் வாங்கப்படும், தேநீர் வழங்கப்படும். அந்நாளில், கழியைச் சுற்றியுள்ள ஒவ்வோர் ஊரிலும், பள்ளிக்கூடச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டட்டும் நீர்வளத்துறையார். கோடையில் ஒரு நாள், ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், புயலோடு கடல் ஏற்றம் சேர்ந்த ஓர் இரவு. ஏரி இல்லாமல் ஒரு முறை, ஏரியோடு ஒரு முறை. மேல்நீர் தனியாக, அடிநீர் தனியாக. இத்தனையும் ஓட அரை மணி நேரம் ஆகாது. படத்தின் மூலையில், தமிழில், எந்த ஆண்டின் ஆழம், எவ்வளவு பிழை என்று எழுதியிருக்கட்டும்.

முன்வரிசையில் அந்தக் கிழவரை உட்கார வையுங்கள். வெண்கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்து திரைக்கருகே வருவார். ஓரிடத்தில் விரலை வைப்பார். "இங்கே இப்படிப் போவாதுங்க. இங்கே ஒரு மணல் மேடு இருக்குது. போன மழையிலே வந்தது" என்பார். பொறியாளர் தம் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, அந்தக் கட்டத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுநாள் காலை ஆழம் அளக்கப் படகு கேட்டால், அந்தப் படகை ஓட்டவும் அதே கிழவர் ஆயத்தமாக இருப்பார்.